அதிர்வுத் தணிப்பான்

வானளாவிய கட்டடம், நடைபாலம், மின்கம்பி, சுழலும் எந்திரம் ஆகியவற்றின் ஆட்டத்தை அடக்க அவற்றோடு இணைக்கப்படும் கூடுதல் எடையே அதிர்வுத் தணிப்பான். அந்த எடை ஊசலாகத் தொங்கும், அல்லது சுருள்வில்லின் மேல் அமரும். பொறியாளர்களிடையே இதன் பெயர் 'டியூன்டு மாஸ் டேம்பர்'.

எந்தக் கட்டமைப்புக்கும் தனக்கென ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. காற்றோ எந்திரச் சுழற்சியோ அதே கதியில் திரும்பத் திரும்பத் தள்ளினால், நேரம் பார்த்துத் தள்ளிய ஊஞ்சல் போல ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இதுவே ஒத்ததிர்வு. தணிப்பானின் எடையும் ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில் ஆடுமாறு அமைக்கப்படுகிறது. கட்டமைப்பு அசைந்ததும் எடை சற்றுப் பின்தங்கி ஆடி, அந்த அசைவை எதிர்த்து இழுக்கும். இப்படி வாங்கிக்கொண்ட ஆற்றல், எடையோடு இணைத்த எண்ணெய் நிரம்பிய உருளைகள் போன்றவற்றில் வெப்பமாகிக் கரைந்துவிடும்.

ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃப்ராம் 1909இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை கோரினார். அது ஒரே அதிர்வெண்ணில் மட்டுமே நன்றாக வேலை செய்தது. எடையோடு ஆற்றலை உறிஞ்சும் அமைப்பையும் சேர்த்தால் பயன்படும் எல்லை விரிவடையும் என்பதைப் பொறியாளர்கள் ஆர்மன்ராய்டும் டென் ஹார்டாக்கும் 1928இல் கணக்கிட்டுக் காட்டினர்.

உயர் அழுத்த மின்கம்பிகளில், கோபுரத்தை ஒட்டி, இரு முனையிலும் குண்டு வைத்த சிறு கருவி தொங்குவதைக் காணலாம். 1920களில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் உருவாக்கிய தணிப்பான் அது. மென்மையான, சீரான காற்றில் கம்பி ஓயாமல் நடுங்கும்; நாளடைவில் உலோகம் சோர்ந்து இழைகள் அறும். அந்த நடுக்கத்தைச் சில கிலோ எடை தடுத்துவிடுகிறது.

லண்டனின் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் அசைந்தது. அசைவுக்கு ஏற்ப மக்கள் கால் மாற்றி வைக்க, அசைவு இன்னும் வளர்ந்தது. இரண்டே நாளில் பாலம் மூடப்பட்டது. அதன் மெலிந்த தோற்றத்தைக் கெடுத்து விறைப்பாக்குவதற்குப் பதில், 37 எண்ணெய்த் தணிப்பான்களும் 50க்கும் மேற்பட்ட எடைத் தணிப்பான்களும் பொருத்தப்பட்டன. 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் மக்கள் நடைக்கு வந்தது.

உலகின் புகழ்பெற்ற தணிப்பான் தைவானில் இருக்கிறது. 508 மீட்டர் உயரமுள்ள தைபே 101 கட்டடத்தில், 92ஆம் மாடியிலிருந்து 87ஆம் மாடி வரை 660 டன் எஃகு உருண்டை ஒன்று கம்பிவடங்களில் தொங்குகிறது. 12.5 செ.மீ. தடிமனுள்ள 41 தகடுகளை அடுக்கிப் பற்றவைத்த அதன் விட்டம் 5.5 மீட்டர். 2015 ஆகஸ்ட் 8 அன்று சௌடெலோர் சூறாவளி தாக்கியபோது, அது நடுநிலையிலிருந்து ஒரு மீட்டர் நகர்ந்தது. உருண்டை ஆடுவதைப் பார்வையாளர்கள் நேரில் பார்க்கவும் அங்கே மேடை உண்டு.

இக்கருவிக்கு எல்லை உண்டு. எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அதைவிட்டு விலகினால் பயன் சுருங்கும். நிலநடுக்கமோ ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் குலுக்கும். அதனால்தான் தைபே 101இன் உருண்டை முதன்மையாகக் காற்றுக்கென்றே அமைந்தது. பெரும் நிலநடுக்கத்தைத் தாங்கும் பொறுப்பு கான்கிரீட் நிரப்பிய எஃகுப் பெருந்தூண்களுடையது. தணிப்பான் ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, கட்டமைப்பின் வலுவுக்கு மாற்றாகாது.