குலுக்கலை நம்பிய ஏதென்ஸ்

எகிப்தில் கிடைத்த பப்பைரஸ் சுருள்கள் சிலவற்றை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு பண்ணையின் வரவுசெலவுக் கணக்கு. மறுபக்கத்தில், தொலைந்தே போனதாகக் கருதப்பட்ட ‘ஏதென்ஸ் மக்களின் அரசமைப்பு’ என்னும் நூல். 1891இல் ஃபிரெடரிக் கென்யன் அதைப் பதிப்பித்தார். அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 அரசமைப்புகளைத் தொகுத்தார்கள் என்பது மரபு. அவற்றுள் பெரும்பகுதியாவது நம் கைக்கு வந்து சேர்ந்த நூல் இது ஒன்றுதான். ஏதென்ஸ் நகரம் அதிகாரத்தை எப்படிப் படிப்படியாகப் பங்கிட்டது என்பதை இந்த நூலின் துணையோடு தொடர முடிகிறது.

தொடக்கத்தில் இருந்தவர்கள் அரசர்கள். மைசீனிய அரண்மனைகள் கி.மு. 1200ஐ ஒட்டிச் சரிந்த பிறகு, சிதறிய ஊர்களைச் சிறு தலைவர்கள் ஆண்டார்கள். நாளடைவில் நிலவுடைமைக் குடும்பங்கள் அவர்களுடைய இடத்தைப் பிடித்தன. ஏதென்ஸில் ‘ஆர்க்கான்’ என்ற தலைமைப் பதவி ஆண்டுதோறும் கைமாறும் வழக்கம் கி.மு. 683 அளவில் தொடங்கியதாக மரபுக் கணக்கு சொல்கிறது. பதவி முடித்தவர்கள் அரியோபகஸ் மன்றத்தில் ஆயுள் உறுப்பினர்கள் ஆனார்கள். ஆட்கள் மாறினார்கள், குடும்பங்கள் மாறவில்லை.

அந்தக் குடும்பங்களுக்கு வெளியே இருந்தவர்களைக் கடன் வாட்டியது. ஏழை உழவர் தன் உடலையே ஈடாக வைத்துக் கடன் வாங்கினார். திருப்பித் தர முடியாவிட்டால் அடிமையாக விற்கப்பட்டார். கி.மு. 594இல் ஆர்க்கானாக வந்த சோலோன் இந்தக் கடன்களைத் தள்ளுபடி செய்து, உடலை ஈடு வைப்பதையே தடை செய்தார். பின்னால் வந்த எல்லாச் சீர்திருத்தங்களுக்கும் இதுவே அடித்தளம் என்று தயங்காமல் சொல்லலாம். நாளை விற்கப்படுவோமோ என்ற அச்சத்தில் வாழ்பவர் அவையில் எழுந்து எதிர்த்துப் பேச முடியாது. பிறப்பைப் பார்க்காமல் விளைச்சலை வைத்துக் குடிமக்களை நான்கு வகுப்பாகவும் பிரித்தார் சோலோன். கடைசி வகுப்பாருக்குப் பதவி கிடைக்கவில்லை. மக்கள் அவையில் இடம் கிடைத்தது.

உயர்குடிகளின் பூசல் அதோடு ஓயவில்லை. இருமுறை ஆட்சியைப் பிடித்து இழந்த பிசிஸ்திராடஸ், கி.மு. 546இல் படையோடு திரும்பி வந்து சர்வாதிகாரியாக நிலைத்தார். அவருடைய ஆட்சி ஏழைகளுக்குக் கொடுமையாக இருக்கவில்லை. உழவர்களுக்குக் கடன் கொடுத்தார். ஊர் ஊராகச் சென்று வழக்குத் தீர்க்கும் நீதிபதிகளை நியமித்தார். இதனால் உள்ளூர்ப் பெரிய குடும்பங்களின் பிடி தளர்ந்தது. அவருடைய மகன் ஹிப்பியாஸ், கி.மு. 510இல் ஸ்பார்ட்டாவின் உதவியோடு விரட்டப்பட்டார்.

இரண்டே ஆண்டுகளில் கிளைஸ்தெனீஸ் நாட்டின் வரைபடத்தையே மாற்றி எழுதினார். பழைய நான்கு குலங்களின் இடத்தில் பத்துப் புதிய குலங்கள் வந்தன. ஒவ்வொரு குலத்திலும் நகர்ப்புறம், கடலோரம், உள்நாடு என மூன்று பகுதி மக்களும் கலந்திருந்தார்கள். ஒரே வட்டாரத்தைக் கையில் வைத்திருந்த எந்தக் குடும்பமும் இனி ஒரு குலத்தைத் தனியாக ஆட்டிவைக்க முடியாது. குலத்துக்கு 50 பேராக 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபை அமைந்தது.

கி.மு. 487இல் ஆர்க்கான்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். கி.மு. 462இல் எபியால்டிஸ், அரியோபகஸ் மன்றத்தின் அதிகாரங்களில் பெரும்பாலானவற்றைப் பறித்தார். விரைவிலேயே கொலையும் செய்யப்பட்டார். பெரிக்ளிஸ், நீதிமன்ற நடுவர்களுக்குப் படி வழங்கினார். ஒருநாள் கூலியை இழந்தால் அடுப்பு எரியாது என்றிருந்தவர்களும் அதன் பிறகே நீதிமன்றத்தில் உட்கார முடிந்தது.

குலுக்கல் வெறும் சடங்காக இருக்கவில்லை. அதற்கென்றே ஒரு கல் பொறி இருந்தது. அதன் உடைந்த பகுதிகள் ஏதென்ஸின் அகோரா அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் பலகைக் கல்லில் வரிசை வரிசையாகப் பிளவுகள். குடிமக்கள் தங்கள் பெயர்ச் சீட்டுகளை அவற்றில் செருகுவார்கள். பக்கவாட்டுக் குழாயிலிருந்து வெள்ளைக் குண்டு விழுந்தால் அந்த வரிசையில் இருப்பவர்கள் அன்றைய நடுவர்கள். கறுப்பு விழுந்தால் வீடு திரும்பலாம். எந்த வழக்கை யார் கேட்பார்கள் என்பது காலைவரை யாருக்கும் தெரியாததால், லஞ்சம் கொடுக்க நினைத்தவருக்கு யாரிடம் கொடுப்பதென்றே தெரியவில்லை. ஆலோசனைச் சபையில் ஒருவர் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அமர முடியாது. அதன் அன்றாடத் தலைவரும் குலுக்கலில் வருபவரே. கருவூலச் சாவி ஒரு பகலும் ஓர் இரவும் அவர் கையில் இருக்கும். பதவிக்கு முன் தகுதி விசாரணையும் பதவிக்குப் பின் கணக்குத் தணிக்கையும் உண்டு.

தேர்தலைத்தான் நாம் மக்களாட்சியின் அடையாளமாகக் கொள்கிறோம். அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ நூல், பதவிகளைக் குலுக்கிக் கொடுப்பதை மக்களாட்சி முறை என்றும் தேர்தலைச் சிலராட்சி முறை என்றும் வகைப்படுத்துகிறது. தேர்தலில் பேரும் பணமும் உள்ளவர்களே வெல்வார்கள் என்பது கிரேக்கர்களின் பட்டறிவு. ஆனால் போர்க்களத்தில் குலுக்கலை அவர்கள் நம்பவில்லை. பத்துத் தளபதிகளை வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். பெரிக்ளிஸின் செல்வாக்கு அந்தப் பதவி வழியாக வளர்ந்ததுதான்.

இந்தப் பங்கீட்டில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறிய அயலாருக்கும் இடமே இல்லை. கி.மு. 451க்குப் பிறகு பெற்றோர் இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை. மக்கள் அவை கொடுமையும் செய்தது. கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போரில் வென்ற தளபதிகள், கப்பல் உடைந்து தத்தளித்தவர்களைக் காப்பாற்றவில்லை என்ற குற்றச்சாட்டில் ஒரே வாக்கெடுப்பில் ஒட்டுமொத்தமாகத் தண்டிக்கப்பட்டார்கள். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். இப்படி ஒட்டுமொத்தமாகத் தண்டிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று மறுத்தவர் சாக்ரடீஸ். அவரும் அப்போது குலுக்கலில் சபைக்கு வந்தவர்தான்.

கி.மு. 411இல் நானூற்றுவர் என்ற சிலராட்சிக் குழுவும் 404இல் முப்பதின்மர் என்ற குழுவும் மக்களாட்சியைக் கவிழ்த்தார்கள். இருமுறையும் அது விரைவில் மீண்டது. 403இல் வென்று திரும்பிய மக்களாட்சித் தரப்பு, எதிரிகளில் பெரும்பாலோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. பழிவாங்கலே வழக்கமாக இருந்த கிரேக்க நகரங்களில் இது அரிய செயல். அடுத்த எண்பது ஆண்டுகள் குலுக்கல் பொறி ஓயவில்லை. கி.மு. 322இல் மாசிடோனியத் தளபதி ஆன்டிபாட்டர் ஏதென்ஸைப் பணியவைத்து, 2,000 திராக்மா சொத்து இல்லாதவர்களின் அரசியல் உரிமையைப் பறித்தார். ஏதென்ஸின் மக்களாட்சியை வீழ்த்தியது அயல்படையே. குலுக்கலின் மேல் அந்தப் பழியைப் போட வரலாற்றில் சான்று இல்லை.