பிராங்கன்ஸ்டைன் புதினமும் முதுமாலுமிப் பாட்டும்

மேரி ஷெல்லி இயற்றிய 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் புதினம் 1818-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளன்று இலண்டன் மாநகரில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அச்சிடப்பெற்ற படிகள் ஐந்நூறு; ஆசிரியர் பெயர் நூலில் இல்லை. அறிவியற் புனைகதையின் வரலாற்றை 1973-இல் எழுதிய பிரயன் ஆல்டிஸ், இவ்வகை இலக்கியத்தின் தோற்றுவாய் இந்நூலே என்று கூறினார். அக்கருத்தை இன்று பலரும் உடன்படுவர். ஆயின், அறிவியலை நாடி இந்நூலுட் புகுவார் முதற்கண் எதிர்ப்படுவது அறிவியலன்று, பாட்டே. வோர்ட்ஸ்வொர்த், லீ ஹண்ட், ஆசிரியரின் கணவராகிய பெர்சி ஷெல்லி ஆகியோரின் அடிகள் கதைமாந்தர் வாயில் வந்து வந்து செல்கின்றன. இவற்றுள் கோல்ரிட்ஜின் முதுமாலுமிப் பாட்டுக்கு உரிய இடம் வேறு. ஏனைய பாட்டுகள் அணியாக நிற்க, இஃது ஒன்றே எலும்பாக நிற்கின்றது என்பது எம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

மேரிக்கு இப்பாட்டு ஏட்டின் வழியாக மட்டும் வந்ததன்று. கோல்ரிட்ஜ் அவர்தம் தந்தையாகிய வில்லியம் காட்வினின் நண்பர். 1806-இல் அவர் காட்வின் இல்லத்தில் தம் பாட்டை ஓதியபோது, உறங்கச் செல்ல வேண்டிய சிறுமி மேரி மறைந்திருந்து கேட்டாள் என வாழ்க்கை வரலாற்றாசிரியர் உரைப்பர். பின்னர் 1816-இல் செனீவா ஏரிக்கரை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, ஐரோப்பாவில் கோடையே இல்லாது போன ஆண்டு அது. மழை மிகுதியால் வீட்டினுள் அடைபட்ட நண்பர் குழுவிடையே பேய்க்கதை புனையும் போட்டியைப் பைரன் தொடங்கி வைத்ததை யாவரும் அறிவர். அந்நாள்களில் ஓரிரவு பைரன் ஓதியது கோல்ரிட்ஜின் 'கிரிஸ்டபெல்' என்பதையும், அது கேட்ட ஷெல்லி அலறிக்கொண்டு அறையை விட்டு ஓடினார் என்பதையும் உடனிருந்த மருத்துவர் பாலிடோரியின் நாட்குறிப்பு காட்டுகின்றது. அறிவியலும் இக்குழுவுக்குப் புறம்பானதன்று. வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி, கோல்ரிட்ஜின் நண்பர். 'லிரிக்கல் பாலட்ஸ்' தொகுப்பின் 1800-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அச்சுப்படி திருத்தியவர். அவருடைய வேதியியல் நூலை மேரி தம் புதினத்தை எழுதிக்கொண்டிருந்த 1816-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலேயே பயின்றார். பாட்டும் வேதியியலும் ஒரே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உரையாடிய காலம் அது.

புதினத்தின் கட்டமைப்பை நோக்குவாம். வால்டன் என்னும் இளைஞன் வடதுருவத்தை நாடிக் கப்பலேறுகின்றான். தமக்கை மார்கரெட்டுக்கு மடல் வரைகின்றான். பனிக்கடலில் அவன் கண்டெடுத்த விக்டர் பிராங்கன்ஸ்டைன் தன் கதையை அவனுக்குக் கூறுகின்றான். அக்கதையினுள் விக்டர் படைத்த உயிர் தன் கதையைக் கூறுகின்றது. வழிமறித்துக் கதை சொல்பவன் ஒருவன், விடுபட இயலாது கேட்பவன் ஒருவன் என்னும் அமைப்பு முதுமாலுமிப் பாட்டின் அமைப்பேயாம். இரண்டாம் மடலில் வால்டன் அப்பாட்டை வெளிப்படையாகவே சுட்டுகின்றான்: தான் பனிநாடு செல்லினும் அல்பட்ராஸ் பறவை எதனையும் கொல்லப்போவதில்லை, ஆதலின் தமக்கை அஞ்சவேண்டா என்கின்றான்.

இவ்விடத்திற்றான் காலச் சிக்கல் எழுகின்றது. மடல்களின் ஆண்டை ஆசிரியர் பதினேழு என்னும் இரண்டு எண்களோடு நிறுத்தி, எஞ்சியவற்றைக் கோடிட்டு விட்டார். ஆயினும் ஒரு மடலில், சூலை 31-ஆம் நாள் திங்கட்கிழமை என்னும் குறிப்பு உளது. கதைக்குள் படிக்கப்பெறும் வால்னியின் நூல் 1791-இல் வெளிவந்தது. அவ்வாண்டுக்குப் பின் அந்நூற்றாண்டு முடிவதற்குள் சூலை 31 திங்கட்கிழமையாக அமைந்தது 1797-இல் மட்டுமே. இக்கணக்கை 1988-இல் ஆன் மெல்லர் எடுத்துரைத்தார். சிலப்பதிகாரத்தின் மதுரை எரியுண்ட நாளைக் கோள்நிலையால் கணித்து கி.பி. 756 என்று நிறுவ முயன்ற சாமிக்கண்ணுப் பிள்ளையவர்களின் முறையை இது நம்மவர்க்கு நினைவூட்டும். மெல்லர் மேலும் ஒன்று கண்டார். மடல்கள் திசம்பர் 11-இல் தொடங்கிச் செப்டம்பர் 12-இல் முடிகின்றன. இடைப்பட்டது ஒன்பது திங்கள், ஒரு கருவின் காலம். மேரி பிறந்தது 1797 ஆகஸ்டு 30. அவரைப் பெற்ற அன்னை மேரி வுல்ஸ்டன்கிராப்ட் பிள்ளைப்பேற்றின் நோயால் இறந்தது செப்டம்பர் 10. மார்கரெட் வால்டன் சாவில் என்னும் பெயரின் முதலெழுத்துகளும் மேரி வுல்ஸ்டன்கிராப்ட் ஷெல்லி என்பதன் முதலெழுத்துகளும் ஆங்கிலத்தில் ஒன்றே.

கணக்கு அழகியதுதான். எனினும் முதுமாலுமிப் பாட்டு அச்சேறியது 1798-இல். 1797-இல் மடல் எழுதும் வால்டன் அதனைப் படித்திருத்தல் எங்ஙனம்? லீ ஹண்டின் பாட்டும் ஷெல்லியின் பாட்டும் 1816-இல் வெளிவந்தவை. அவற்றை விக்டர் எங்ஙனம் அறிந்தான்? நாட்காட்டி ஒன்று கூற, மேற்கோள் மற்றொன்று கூறுகின்றது. அகச்சான்றுகள் தம்முள் முரணும்போது ஒன்றை ஏற்று மற்றொன்றை மறைத்தல் ஆராய்ச்சி நெறியாகாது. 1797 என்பது ஆசிரியரின் உள்ளத்தே கிடந்த ஆண்டாகலாம். கதை நிகழ்ந்த ஆண்டென்று முடிவு கட்டுதற்கு இடமில்லை. கோடிட்ட இடத்தைக் கோடாகவே விட்டவர் ஆசிரியர். அதனை நிரப்பும் உரிமை நமக்கு உண்டா என்பது ஐயமே.

அடுத்து, பாட வேறுபாடு. இன்று பயிலப்படும் பதிப்புகளுட் பல, 1831-இல் ஆசிரியர் திருத்தி ஒரே பகுதியாக வெளியிட்ட பாடத்தைப் பின்பற்றியவை. 1818-ஆம் ஆண்டுப் பாடத்தை 1974-இல் ஜேம்ஸ் ரீகர் மீண்டும் பதிப்பித்த பின்னரே அறிஞர் நோக்கு அதன்பால் திரும்பியது. திருத்திய பாடத்தில் விக்டரின் குற்றம் ஊழின்மேல் ஏற்றப்படுகின்றது. முதற்பாடத்தில் தன் செயலுக்குத் தானே பொறுப்பாவான். இந்நூலை ஆராய்வோர் முதற்பாடத்தையே கொள்ளவேண்டும் என்பது எம் துணிபு. ஆயினும் நம் பொருளைப் பொறுத்தவரை திருத்திய பாடத்தைத் தள்ளுதற்கில்லை. அல்பட்ராஸ் பற்றிய தொடருக்குப் பின் ஆசிரியர் அதிற் புதிதாகச் சில வரிகள் சேர்த்தார். கடலின் மறைபொருள்மீது தனக்குள்ள வேட்கைக்கு அப்பாட்டே காரணம் என்னும் மறைசெய்தியை வால்டன் அங்குத் தமக்கைக்குச் சொல்கின்றான். கணவரை 1822-இலும் பைரனை 1824-இலும் இழந்தபின், முப்பத்து நான்கு அகவையில், மேரி தம் கடனை ஒப்புக்கொண்ட இடம் இஃது என்றே யாம் கொள்கின்றோம். கோல்ரிட்ஜ் அப்போது உயிரோடிருந்தார்.

கடன் பட்டவர் அதனை அவ்வண்ணமே திருப்பித் தந்தாரா? இல்லை. தான் படைத்த உயிர் கண் விழித்த மறுநாட் காலை, அஞ்சி ஓடும் விக்டர் இங்கோல்ஸ்டாட் நகரத் தெருக்களில் நடக்கையில் முதுமாலுமிப் பாட்டின் ஆறடிகள் எடுத்தாளப்படுகின்றன. தனிவழியிற் செல்வோன் பின்னால் வருவதை அஞ்சித் திரும்பிப் பாராது நடக்கும் உவமை அது. பாட்டில் இவ்வுவமை வருவது சாபம் நீங்கிய பின்னர். மாலுமிக்கு அது தீர்ந்த பாவத்தின் எச்சம். மேரி அதனைப் பெயர்த்து விக்டரின் துன்பத்துக்குத் தொடக்கமாக வைத்தார். முடிவை முதலாக்கியது தற்செயல் என்று கொள்ள மனம் ஒப்பவில்லை.

வேறுபாடு இதனினும் ஆழமானது. தன்னை நாடி வந்த பறவையைக் கொன்ற மாலுமி, பின் கடற்பாம்புகளின் அழகு கண்டு தன்னையறியாது வாழ்த்துகின்றான். வாழ்த்திய அக்கணமே கழுத்திற் கிடந்த பறவை கடலில் வீழ்கின்றது. விக்டரோ தன் கையாற் படைத்ததை அழகற்றதென்று கைவிட்டவன். பனிமலைமீது அவ்வுயிர் அவனை எதிர்ப்பட்டுத் தன் கதை முழுதும் கூறித் துணையொன்று வேண்டுகின்றது. சிறிது நேரம் அவன் நெஞ்சு இளகுகின்றது, பின்னர் அதன் உருவைக் கண்டதும் வெறுப்பு மீள்கின்றது. வாழ்த்து என்னும் அக்கணம் புதினத்தில் எங்கும் வரவில்லை. கோல்ரிட்ஜ் பாட்டின் ஓரத்தே பொருள் விளக்கும் குறிப்புரையை வெளியிட்டது 1817-இன் பிற்பகுதியில். மேரி எழுதி முடித்தது அவ்வாண்டு மே மாதத்தில். உரையின்றி மூலத்தை மட்டும் கேட்டவர், படித்தவர் அவர். பாட்டின் ஆறுதலை அவர் ஏலாதிருத்தற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கதை கேட்டதன் பயனும் மாறுகின்றது. மாலுமியின் கதை கேட்ட மணவிருந்தினன் மறுநாள் துயருற்றவனாயினும் அறிவு தெளிந்தவனாய் எழுகின்றான். வால்டன் கப்பலைத் திருப்புவதோ கேட்ட கதையால் அன்று. பனியிடையே உயிருக்கு அஞ்சிய மாலுமிகள் வற்புறுத்தியதால். தன் வேட்கை குலைந்ததென்று அவன் தமக்கையிடம் நொந்துகொள்கின்றான். கதை சொன்ன விக்டரே அம்மாலுமிகளைக் கோழைகள் எனக் கடிந்து முன்னேறத் தூண்டினவன். இறக்குங்கால் பேராசையைத் தவிர்க எனக் கூறி, அம்மூச்சிலேயே தான் தோற்றதில் வேறொருவன் வெல்லவும் கூடும் என்கின்றான். அவன் உடலருகே வந்து நின்று புலம்பும் அவ்வுயிரை நேரிற் கண்ட வால்டன் முதலில் இரக்கமும் பின்னர்ச் சினமும் கொள்கின்றான். அஃது அவனிடமும் தன் கதையைச் சொல்லிவிட்டுச் சாளரத்தின் வழியே பனிப்பாளத்திற் குதித்து, அலையால் ஈர்க்கப்பட்டு இருளில் மறைகின்றது. அதன்பின் வால்டன் ஒரு வரியும் எழுதவில்லை.