விருந்தினரால் நிலைத்த சாந்திவனம்



ஆண்டுதோறும் சூலை 26ஆம் நாளையொட்டிப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தில் நாடெங்குமிருந்து மக்கள் திரள்வர். ஜார்ஜ்டவுனிலிருந்து கடலைக் கடந்து செல்வோருள் என் மாணவர்களின் குடும்பங்களும் உண்டு. அவர்களுள் ஒரு தாயார் என்னிடம், “அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறோம் டீச்சர், மனசு ஆறிவிடுகிறது” என்றார். தமிழ் விவிலியம் ‘இளைப்பாறுதல்’ என்னும் சொல்லை ஆள்வது அப்போது நினைவுக்கு வந்தது. ஓய்வு என்பது வேலையின்மை. இளைப்பாறுதலுக்கோ இடம் தருபவர் ஒருவர் வேண்டும். அவ்வாறு இடம் தந்த ஓர் ஆசிரமத்தின் வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் அமைந்துள்ளது சாந்திவனம். 1950 மார்ச் 21ஆம் நாள் பிரெஞ்சுக் குருக்கள் இருவர் அதனைத் தொடங்கினர். ஒருவர் 1939 முதல் திருச்சி மறைமாவட்டத்துச் சிற்றூர்களில் பணியாற்றிய ஜூல் மொன்ஷானின். மற்றவர் பெனடிக்ட் சபைத் துறவியான ஆன்றி லெ சோ. பின்னாளில் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பெற்றவர். காவியுடுத்து, மரக்கறி உண்டு, இந்திய மரபில் வாழும் கிறிஸ்தவத் துறவியர் மடம் ஒன்றை உருவாக்குவதே அவர்தம் கனவு.

கனவு பலிக்கவில்லை. நிலைத்துத் தங்கும் துறவியர் வந்து சேரவில்லை. மொன்ஷானின் நோயுற்றுச் சிகிச்சைக்காகப் பிரான்சு சென்று, 1957 அக்டோபரில் பாரிசில் காலமானார். அபிஷிக்தானந்தரின் உள்ளமோ திருவண்ணாமலைக் குகைகளையும் இமயத்தையும் நாடியது. 1968இல் அவர் வடக்கே சென்றுவிட்டார். பதினெட்டு ஆண்டு உழைப்பின் பயன் இவ்வளவுதானா என்று எவரும் கேட்டிருக்கலாம். பதிவேட்டில் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே பள்ளியை மதிப்பிடும் நமக்கு இக்கேள்வி புதிதன்று!

அதே ஆண்டில் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து ஆங்கிலேயத் துறவியான பீட் கிரிஃபித்ஸ் அங்கு வந்து பொறுப்பேற்றார். அவரும் பெனடிக்ட் சபையிலிருந்து வந்தவரே. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின் 53ஆம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. வருபவர் எவராயினும் கிறிஸ்துவையே வரவேற்பதாகக் கருதி ஏற்க வேண்டும், ஏழைகளையும் யாத்திரிகரையும் தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என்பது அதன் கருத்து. ‘விருந்து’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். வீட்டிற்குப் புதிதாக வந்தவரே விருந்து. (ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதைச் சொன்னால், “அப்படியானால் மாமா வந்தால் விருந்து இல்லையா?” என்று கேட்கிறார்கள்.) ஐரோப்பிய மடத்து ஒழுங்கும் தமிழர் அறமும் அக்காவிரிக் கரையில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன என்றே நான் எண்ணுகிறேன்.

மடமாக வளர வேண்டுமென நிறுவப்பட்ட இடம் விருந்தில்லமாகப் புகழ்பெற்றது. பல நாட்டினரும் பல சமயத்தினரும், எச்சமயமும் சாராதோரும் வந்தனர். கூரைக் குடில்களில் தங்கினர். தரையில் அமர்ந்து உண்டனர். சிறு கோபுரத்தோடு கூடிய ஆலயத்தில் உபநிடதமும் தமிழ்ப் பாடலும் விவிலியமும் சேர்ந்தொலித்த வழிபாட்டில் விரும்பினால் அமர்ந்தனர். இம்முயற்சியைக் கடிந்தோரும் உண்டு. இந்துக்களுட் சிலர் இதனை மதமாற்றத்தின் மாறுவேடம் என்றனர். கத்தோலிக்கருட் சிலர் மரபுப் பிறழ்வு என்றனர். இவ்வையங்களை வெறும் வெறுப்பென்று நான் ஒதுக்கமாட்டேன். பிறர் வீட்டுக் காவியை உடுத்துபவர் அவ்வீட்டாரின் கேள்விக்கும் உரியவரே.

பின்னாளில் துறவியர் சிலரும் சேர்ந்தனர்; ஆசிரமம் பெனடிக்ட் மரபைச் சார்ந்த கமால்டோலி சபையோடு இணைந்தது. பீட் கிரிஃபித்ஸ் 1993 மே 13ஆம் நாள் அங்கேயே தம் குடிலில் காலமாகி, அவ்வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்திலிருந்து வந்த விருந்தினரை அம்மண் திருப்பியனுப்பவில்லை.

அத்தாயாரிடம் இவ்வரலாற்றைக் கூறினேன். “குளித்தலையா? எங்கள் பாட்டனார் ஊர்ப் பக்கமாயிற்றே டீச்சர், அங்கே யார் வேண்டுமானாலும் தங்கலாமா?” என்று கேட்டார்.