முக்கோணியின் உயரமும் அறிவின் வரலாறும்

செங்கோண முக்கோணியின் செம்பக்கத்தின் வர்க்கம் ஏனைய இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமனாகும். கி.மு. 6ஆம் நூற்றாண்டினரான பைதகரசின் பெயரால் வழங்கும் இவ்வுண்மையைத் தனியொரு மேதையின் கண்டுபிடிப்பாகக் கொள்வது நெடுங்கால வழக்கம். அவ்வழக்கை நாம் மீளாய்வு செய்யவேண்டியவர்களாயுள்ளோம்.

தென்மேற்கு ஈரானிலுள்ள சூசாவில் அகழ்ந்தெடுக்கப்பட்டு 1961இல் பதிப்பிக்கப்பெற்ற களிமண் பலகைகளுள் ஒன்று, பைதகரசுக்கு ஆயிரம் ஆண்டுகளளவில் முற்பட்டது. அதில் ஓர் இருசமபக்க முக்கோணி வரையப்பட்டுள்ளது. சமபக்கங்கள் 50, அடி 60. உச்சியிலிருந்து இறங்கும் செங்குத்து அடியை 30, 30 என இருகூறாக்கும். 50இன் வர்க்கமான 2500இலிருந்து 30இன் வர்க்கமான 900ஐக் கழிக்க எஞ்சுவது 1600. அதன் வர்க்கமூலமாகிய 40 முக்கோணியின் உயரம். மூன்று உச்சிகளூடாகவும் செல்லும் வட்டத்தின் ஆரை 31¼ என்பதும் அப்பலகையிலேயே அறுபதின்ம முறையில் குறிக்கப்பட்டுள்ளது.

இவ்வறிவைப் பேணியோர் எழுத்தர்கள். நிலத்தை அளத்தல், வாய்க்கால் வெட்டுதற்கான ஆட்களைக் கணித்தல், கூலித் தானியத்தைப் பகிர்தல் ஆகியன அவர்தம் தொழில். எனவே இக்கணிதத்தின் வேர் உற்பத்தியிலும் அதன் நிருவாகத்திலும் உள்ளதெனலாம்.

ஆயின், தேவையே அறிவைப் படைத்தது எனக் கூறி அமைவது வரலாற்றுப் பொருள்முதல்வாதமாகாது. எந்த வயலையும் அளப்பதற்கு அதனைச் சுற்றி வட்டம் வரையவேண்டியதில்லை. வர்க்கமூலம் முழுவெண்ணாக வரும்வண்ணம் 30, 40, 50 தெரிந்தெடுக்கப்பட்டமை பயிற்றுவோனின் கையையே காட்டுகின்றது. நடைமுறையிற் பிறந்த அறிவு, எழுத்தர் கல்வியினுள்ளே தனக்கென ஓர் இயக்கத்தைப் பெற்றுவிட்டது. அக்கல்வி யாவர்க்கும் உரியதாயிருக்கவில்லை. மண்ணை வெட்டியவன் கணக்கிலே எண்ணாக இடம்பெற்றான், கணக்கிடுபவனாக அன்று.

களிமண் பலகைகளில் விடை உண்டு, நிறுவல் இல்லை. கி.மு. 300 அளவில் யூக்கிளிட்டின் முதலாம் நூலின் 47ஆம் எடுத்துரைப்பு அதனைத் தருகின்றது. 'எவ்வாறு' என்பதிலிருந்து 'ஏன்' என்பதற்கு நிகழ்ந்த இப்பெயர்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதனைக் கிரேக்கரின் பிறவிக்குணமாக விளக்குவதையே மறுக்கின்றோம். வாதமும் எதிர்வாதமும் பொதுவாழ்வின் அங்கமாயிருந்த சமூகச் சூழலில் வைத்தே அது ஆராயப்படவேண்டும்.

தேற்றத்துக்கு ஒருவரின் பெயர் நிலைத்திருக்கலாம். உயரத்தைக் கண்ட அந்த எழுத்தனின் பெயரை நாம் அறியோம். பெயரற்ற உழைப்பையும் சேர்த்து எழுதப்படும்போதே அறிவின் வரலாறு முழுமை பெறும்.