ஒரே சட்டகத்தில் ஐந்து சின்னப்பா

1944-இல் வெளியான 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடுகிறவர் பி.யு. சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் அவரே. ஐந்து சின்னப்பாக்கள் ஒன்றாக உட்கார்ந்து கச்சேரி செய்கிறார்கள். 1965-இல் ஏ.பி. நாகராஜன் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசனை வைத்து இதே வித்தையைக் காட்டினார். மேல்நாட்டுத் தந்திரப்படத்தின் நகல் என்று இதைத் தள்ளிவிடலாம். நுட்பத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, லென்ஸின் ஒரு பகுதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒருமுறை எடுப்பார்கள். பிறகு மறைத்ததைத் திறந்து, எடுத்ததை மூடி, ஆளை இடம் மாற்றி உட்காரவைத்து அதே பிலிமில் மறுபடி எடுப்பார்கள். வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும் நடுவில் கோடு விழும். ஐந்தாவது முறை பிசகினால் முந்தைய நான்கும் வீண். பிரான்சின் திரைப்பட இயக்குநர் மெலியே இந்த வித்தையில் 1900-லேயே ஏழு பேராகித் தானே வாத்தியக் குழுவாக நின்றுவிட்டார்.

ஆனால் கருவி வந்த வழி வேறு, அதை நம்மவர்கள் எதற்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு. புகைப்படக்காரர் ரெய்லாண்டர் 1870களின் தொடக்கத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில், ஓவியரான ரெய்லாண்டர் படைத்தொண்டரான ரெய்லாண்டரை அறிமுகம் செய்துவைக்கிறார். 1890களின் ஒரு புகைப்படத்தில் பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக், தன்னையே உட்காரவைத்து வரைகிறார். தன்னைத் தானே சந்திக்கும் விந்தைதான் அங்கே வேடிக்கை. சின்னப்பாக்களோ ஒருவரைப் பார்த்து ஒருவர் திகைப்பதில்லை. ஒருவரின் திறமை ஐந்து இடங்களில் அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பார்வை இங்கே பழசு. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போனால், பல்லவர் கால சுந்தரவரதர் கோயிலில் ஒரே பெருமாள் கீழ்த்தளத்தில் நின்றும், அடுத்ததில் இருந்தும், அதற்கு மேல் கிடந்தும் சேவை சாதிக்கிறார். மூவர் என்று எந்த பக்தரும் எண்ணமாட்டார். ராசலீலை ஓவியங்களிலும் கோபியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் அதே கண்ணன்தான்.

தெய்வத்துக்குப் பொருந்துவது மனிதனுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். 'திருவிளையாடல்' பாத்திரம் சிவனே என்பதால் அங்கே சிக்கலில்லை, ஜகதலப்பிரதாபன் மனிதன். ஆனால் கிறிஸ்டோபர் பின்னி 1997-இல் வெளியிட்ட 'கேமரா இண்டிகா' நூல், மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்ற ஆலை ஊரில் சாதாரண வாடிக்கையாளர்களும் ஸ்டூடியோவில் தங்களை இரண்டாகக் காட்டும் படங்கள் எடுத்துக்கொண்டதைப் பதிவுசெய்கிறது. மனித உருவம் பலவாவதைப் பார்க்க அவர்களுக்கும் கூச்சமில்லை. 1940-இன் 'உத்தமபுத்திரன்' எதிர்ச்சாட்சியாகாதா? அதிலும் சின்னப்பாவுக்கு இரட்டை வேடம்தான். ஆனால் அங்கே கதைப்படி இருவர் வெவ்வேறு ஆட்கள், முகம்தான் ஒன்று. அந்த மரபு தமிழ் சினிமாவில் பெருகியது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது வேறு சங்கதி. வலுவான ஆட்சேபம் இன்னொன்று: கச்சேரியில் எல்லோரும் அவரவர் இடத்தில் அசையாமல் உட்கார்வதால் அட்டைக் கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை, வசதிக்காகத்தான் கச்சேரியைத் தேர்ந்தார்கள் என்பது. வசதி உண்மைதான். ஆனால் சீட்டாட்ட மேசையும் பந்தி இலையும் அதே அளவுக்கு வசதியானவை. தன்னோடு தானே சீட்டாடுவது போன்ற வேடிக்கைகளை மேல்நாட்டுப் புகைப்படக்காரர்கள் விரும்பினார்கள். 'ஜகதலப்பிரதாபன்' எடுத்த பட்சிராஜா நிறுவனமோ ஜமுக்காளம் விரித்துச் சின்னப்பாவைப் பாடவைத்தது.