கொழும்பில் வடக்குச் சமையல்: என்ன கிடைக்கும், எங்கே கிடைக்கும், எப்போது கிடைக்கும்?

யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு புறப்படும் பஸ்கள் அதிகாலையில் வெள்ளவத்தைக் காலி வீதிக்கு வந்துவிடும். பயணிகள் இறங்கியதும் பொதிகள் இறங்கும். உரப்பையில் கட்டிய முருங்கைக்காய், அட்டைப் பெட்டியில் கருவாடு, பிளாஸ்டிக் வாளியில் மிளகாய்த்தூள், பருவம் என்றால் மாம்பழம். சில பெட்டிகள் கடைகளுக்குப் போகும். சிலவற்றை எடுத்துச்செல்லத் தொடர்மாடி வீடுகளில் இருந்து ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அண்மையில் அங்குள்ள பழைய கடை ஒன்றில் ஒடியல் மா இருக்கிறதா என்று கேட்டேன். "நாளைக்கு வந்து பாருங்கோ பிள்ளை. பஸ்ஸிலை வந்தால் இருக்கும்" என்றார் கடைக்கார ஐயா.

கொழும்பில் வாழும் வடக்குத் தமிழர் இந்தப் பதிலை நீண்டகாலமாகக் கேட்டுவருகின்றனர். பஸ் என்ற இடத்தில் ஒரு காலத்தில் ரயில் இருந்தது, பிறகு கப்பலும் விமானமும் இருந்தன. சில காலங்களில் எதுவுமே இருக்கவில்லை. வெளியூரில் இருந்துகொண்டு ஊர்ச்சமையலுக்குப் பொருள் தேடுவது உலகில் எல்லா இடங்களிலும் உள்ள கதைதான். ஆனால் ஒரே நாட்டுக்குள், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள ஊரின் மாவுக்காகக் காத்திருந்தது நமது கதை. பொருட்கள் பெரும்பாலும் கிடைக்கும் இன்றைய நிலையில், எதை எங்கே தேடலாம், எதைக் கவனிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்பதைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதையும் பலசரக்கும்

கொழும்பில் வடக்குத் தமிழரின் கடைகள் போருக்கு முன்பே இருந்தவை. காரைநகர், புங்குடுதீவு, வேலணை போன்ற இடங்களில் இருந்து வந்த வணிகர்கள் தலைநகரிலும் தெற்கிலும் கடைகள் நடத்தினர். 1958, 1977, 1983 வன்முறைகளில் அக்கடைகள் பல எரிந்தன. சிலர் திரும்பிவந்து அதே வீதியில் மீண்டும் திறந்தனர். பலர் திரும்பவே இல்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வருவது நின்றது. வடக்கிற்குள் எரிபொருள், சவர்க்காரம், பற்றரி போன்றவை போகாதபடி பொருளாதாரத் தடை இருந்ததை எல்லோரும் பேசுவோம். அதே காலத்தில் வடக்கில் இருந்து வெளியே வந்த பொருட்களும் சுருங்கின என்பதைக் கொழும்பு அடுப்படிகள் அறிந்திருந்தன. கிளாலிக் கடலைப் படகில் கடந்துவந்தவர் ஒருவர் தன் பையில் ஒரு போத்தல் தூள் கொண்டுவந்தால், அது நாலு வீட்டுக்குப் பங்கு பிரிந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. வெள்ளவத்தைக் கடைகளில் பனங்கட்டிக் குட்டான்கள் மறுபடியும் அடுக்கப்பட்டன. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மூடப்பட்டதும் அவை மீண்டும் அரிதாகின. கப்பலிலும் விமானத்திலும் வருபவர் எத்தனை கிலோ கொண்டுவரலாம் என்ற எல்லைக்குள் ஊர் அடங்கிப்போனது. அக்காலத்தில் அம்மா கொடுத்துவிட்ட தூள் பொதியை ஒரு சோதனைச் சாவடியில் முழுவதுமாகக் கொட்டிக் கிளறிப் பார்த்தார்கள். மண்ணோடு சேர்ந்த தூளை அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தவர் என் மாமா. அதை அரித்துப் பார்த்தும் பயன்படவில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 370இற்கும் அதிகமானோர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பில் இருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. லொட்ஜ் அறைகளில் அடுப்பு இல்லை. அங்கே இருந்தவர்களுக்கு ஊர்ச்சாப்பாடு என்பது பெட்டிக்குள் இருந்த எள்ளுருண்டையும் புழுக்கொடியலும்தான்.

போர் முடிந்தபின் 2009இன் பிற்பகுதியில் ஏ9 படிப்படியாகத் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இப்போது பாதை தடையில்லை. பருவமும் விலையும், எதைக் கேட்டு வாங்குவது என்ற அறிவும்தான் மிஞ்சியுள்ள தடைகள்.

எங்கே தேடலாம்

வெள்ளவத்தை: காலி வீதியிலும் அதற்கு இருபுறமும் இறங்கும் ஒழுங்கைகளிலும் உள்ள பலசரக்குக் கடைகளே முதலிடம். பெரிய சுப்பர் மார்க்கற்றில் தேடுவதைவிட, வாசலில் முருங்கைக்காயும் உள்ளே வடகமும் மோர்மிளகாயும் தொங்கும் சிறிய கடையைத் தேடுங்கள். எந்த நாட்களில் பொதி வரும் என்று கேட்டுவைத்தால் அலைச்சல் குறையும். வெள்ளவத்தைச் சந்தையில் இராசவள்ளிக் கிழங்கு, வல்லாரை, பொன்னாங்காணி போன்றவற்றைப் பார்க்கலாம்.

கொட்டாஞ்சேனை: இங்கே வடக்கு, மலையகம், மன்னார், நீர்கொழும்பு ஆகிய எல்லா ஊர்களின் சமையலும் கலந்திருக்கிறது. அதனால் கருவாட்டுக்கும் மீனுக்கும் வெள்ளவத்தையைவிடத் தெரிவு அதிகம். ஐந்துலாம்புச் சந்தியும் புறக்கோட்டையும் பக்கத்தில் இருப்பது இன்னொரு வசதி.

புறக்கோட்டை: செத்தல் மிளகாய், மல்லி, வெங்காயம் முதலியவற்றை மொத்தமாக வாங்க நாலாம் குறுக்குத் தெரு. வீட்டில் தூள் இடிப்பவர்கள், இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து இங்கே வாங்கினால் இலாபம். காபோஸ் ஒழுங்கையின் மருந்துச் சரக்குக் கடைகளில், பத்தியத்துக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் தேவையான சரக்குகளை விசாரிக்கலாம்.

பனைப் பொருட்கள்: 1978இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை, 'கற்பகம்' என்ற பெயரில் விற்பனை நிலையங்களை நடத்துகிறது. போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

பொருட்கள் ஒவ்வொன்றாக

தூள்: யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூள் என்றாலே வறுத்து அரைத்த கறித்தூள்தான். கொழும்புக் கடையில் அதே சொல்லைச் சொன்னால் வெறும் செத்தல் மிளகாயை அரைத்ததைத் தருவார்கள். ஆகவே 'யாழ்ப்பாணத் தூள்' என்று கேளுங்கள். பொதியைத் திறந்ததும் பெருஞ்சீரக வாசமும் வறுத்த மல்லி வாசமும் வரவேண்டும். பளிச்சென்று சிவப்பாக இருந்தால் சரியாக வறுக்கவில்லை என்று பொருள்.

வீட்டில் செய்வதானால் ஓர் அளவு: செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 100 கிராம், மிளகு 50 கிராம், நற்சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் இரண்டு சிறு துண்டு, கறிவேப்பிலை சில நெட்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். வெந்தயம் கருகினால் முழுத்தூளும் கைக்கும். மில்லில் அரைத்துவந்ததும் கடதாசியில் பரவிச் சூடு ஆறவிட்டே போத்தலில் போட வேண்டும். அவசரத்துக்கு, சிங்களக் கடைகளில் கிடைக்கும் வறுத்த கறித்தூளில் மிளகாய் இராது என்பதால், அதனுடன் சம அளவு தனி மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த பெருஞ்சீரகம் சிறிதும் கலக்கலாம். கறி சுமாராக வரும்.

ஒடியல்: இரண்டு மாவைக் குழப்பிக்கொள்வோர் பலர். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கும் பிட்டுக்கும் ஒடியல் மா. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிடுவது புழுக்கொடியல் மா. ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இரண்டு தடவை செய்தால் கைப்புக் குறையும். இதற்கு மாற்று இல்லை. அரிசி மா போட்டுத் தடிக்கவைத்தால் அது மீன் கூழ், ஒடியற்கூழ் அல்ல. பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், நண்டு, இறால் எல்லாம் கொழும்பில் தாராளமாகக் கிடைக்கும்.

தைப்பொங்கலை ஒட்டிய வாரங்களில் பனங்கிழங்கு வரும். அதன்பின் கிழங்கு வெயிலில் காய்ந்து புது ஒடியல் வரத் தொடங்கும். வருடத் தேவைக்கு அந்த நேரத்தில் வாங்கிவைப்பதே நல்லது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் ஏராளமான பனைகள் தறிக்கப்பட்டன. ஒரு பனை வளர்ந்து காய்க்கப் பத்து, இருபது வருடங்கள் ஆகும். கடையில் ஒடியல் மா ஏன் இந்த விலை என்று கேட்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

பனங்கட்டி: ஆடிப்பிறப்புக்கு முன் தேவை கூடும். ஓலைக் குட்டானில் வருவதெல்லாம் சுத்தமானது என்றில்லை, சீனிப்பாகு கலந்தும் வரும். கல்லுப்போல் இறுகி, வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றால் சந்தேகப்படலாம். கிடைக்காவிட்டால் கித்துள் கருப்பட்டி போட்டு ஆடிக்கூழ் காய்ச்சலாம். வாசம் வேறு, ஆனால் கூழ் கெடாது.

அரிசி, மா, உழுந்து: சிவப்பரிசி மா எங்கும் கிடைக்கும். வாங்கி வறுத்துக்கொண்டால் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் போதும். மொட்டைக்கறுப்பன் அரிசியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2020இல் உழுந்து, மஞ்சள் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோசையும் வடையும் எட்டாத பொருளாகின. அப்போது வடக்கு, கிழக்கு உழுந்தைத் தேடி வாங்கப் பழகியவர்கள் இன்னும் அதையே வாங்குகிறார்கள்.

மீன், கருவாடு: ஓரா, திரளி, முரல் போன்ற களக்கடல் மீன்கள் கொழும்பில் எப்போதாவதுதான் வரும். பஸ்ஸில் ஐஸ் பெட்டியில் எடுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். 2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. இந்திய இழுவைப் படகுகளின் சேதம் இன்றும் தொடர்கிறது. எனவே வடக்கு மீனின் விலை இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கருவாட்டை மணந்துபார்த்து, வயிற்றுப்பக்கம் ஈரமில்லாததாக எடுங்கள்.

மாம்பழம்: கறுத்தக் கொழும்பானுக்குப் பெயரில்தான் கொழும்பு. மே முதல் ஜூலை வரை யாழ்ப்பாணத்தில் இருந்துதான் வரவேண்டும். புகையடித்துப் பழுக்கவைத்ததைவிட, காயாக வாங்கி வைக்கோலிலோ கடதாசியிலோ பழுக்கவைப்பது நல்லது.

கொழும்புக் காற்று

யாழ்ப்பாணத்தைவிடக் கொழும்பில் ஆண்டு மழை ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஊரில் பானையில் ஒரு வருடம் கிடந்த மா இங்கே இரண்டு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஒடியல் மாவையும் தூளையும் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டி படக்கூடாது. பனங்கட்டி கசியத் தொடங்கினால் மூடி இறுக்கமான போத்தலுக்கு மாற்றுங்கள். வடகமும் மோர்மிளகாயும் மாதம் ஒரு தடவை வெயில் காண வேண்டும். மொட்டைமாடிக்குப் போக அனுமதியில்லாத தொடர்மாடிகளில் யன்னல் விளிம்பு போதும். பூஞ்சணம் பிடித்த மாவைத் தெள்ளிப் பயன்படுத்த வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

யார் செய்தது என்று கேளுங்கள்

இப்பொருட்களில் பல வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெண்கள் வீட்டில் செய்பவை. போரில் கணவரை இழந்தவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுபவர்களும் அவர்களில் உள்ளனர். அவர்கள் கையில் கிடைக்கும் விலைக்கும் வெள்ளவத்தையில் நாம் கொடுக்கும் விலைக்கும் இடையில் இடைத்தரகரும் பஸ் கூலியும் கடை வாடகையும் இருக்கின்றன. பொதியில் ஊரும் தொலைபேசி இலக்கமும் இருந்தால் ஒருதடவை நேரே பேசிப் பாருங்கள். முற்பணம் அனுப்பினால் பஸ்ஸில் பொதி போட்டுவிடுவார்கள். இடையில் போகும் பணத்தில் ஒரு பங்கு அவர்களிடமே நிற்கும்.

கடைசியாக ஒன்று. பொருள் இன்று கிடைக்கிறது. ஆனால் அளவு தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் அம்மம்மாவின் பக்கத்தில் நின்று பழக ஒரு நிலையான அடுப்படி பலருக்கு வாய்க்கவில்லை. மேலே தந்த தூள் அளவு என் பெரியம்மா சொன்னது. அவர் எதையும் கிராமில் சொல்லவில்லை. "ரெண்டு சுண்டு, ஒரு கை" என்றுதான் சொன்னார். தராசில் போட்டு நிறுத்து எழுதிக்கொண்டது நான். ஒவ்வொரு வீட்டின் தூளும் வேறு. உங்கள் வீட்டு அளவை அறிந்தவர் இருந்தால், அடுத்த தடவை தூள் இடிக்கும்போது தராசும் கொப்பியும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.