சொறியும் நாய்க்கு ஏழு வரி: ஒரு சீட்டுக்கு விளக்கவுரை

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. எங்கள் மணிக்கு, அவன் ஐந்து வயது நாட்டு நாய், கால்நடை மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. அதற்கு முன் ஒன்றரை ஆண்டாக ஊசி, மாத்திரை என்று அலைந்தோம். பத்து நாள் அடங்கும். பிறகு காதைச் சொறிவதும் பாதத்தை நக்குவதும் தொடங்கிவிடும். ராத்திரியில் அவன் காது படபடக்கும் சத்தத்தில் வீடே விழித்திருக்கும்.

சீட்டில் இருப்பது ஏழே வரி. சூத்திரம் போல, சொல் குறைவு. பொருள் எனக்குப் பிடிபட இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இதே தொல்லையோடு அல்லாடும் வீடுகளுக்கு உதவட்டும் என்று உரை எழுதுகிறேன். முதலில் மூலம்:

தெள்ளு முதலில். உணவு பிறகு.
இதுவரை தின்றது எல்லாம் எழுதவும்.
கோழி, முட்டை, பால், தயிர் நிறுத்தம்.
பன்றிக்கறி, குச்சிக்கிழங்கு மட்டும். 8 வாரம்.
சுவை மாத்திரை கூடாது.
பூனைக்குத் தனி.
பழைய சாப்பாடு திரும்ப, ஒவ்வொன்றாக. 14 நாள் பார்க்கவும்.

“தெள்ளு முதலில். உணவு பிறகு.”

உணவைப் பற்றிய சீட்டு தெள்ளுப்பூச்சியில் தொடங்குவது ஏன்? சொறிவதற்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு அல்ல என்பதால். அரிப்போடு வரும் நாய்களில் உணவு ஒவ்வாமை 9 முதல் 40 சதவீதம் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. பூனைகளில் 12 முதல் 21 வரை. மற்றவற்றுக்குத் தெள்ளு, சொறிப்பூச்சி, காற்றிலும் புல்லிலும் உள்ள தூசு, தோலில் பெருகும் பூஞ்சை, பாக்டீரியா என்று வேறு காரணங்கள். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், வால் அடியில் முடி உதிர்ந்து புண்ணாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நம் பக்கம் இது கூடும்.

‘முதலில்’ என்ற சொல்லுக்குள் வீட்டில் உள்ள எல்லா விலங்குக்கும் மருந்து, படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசுவது, மூலை முடுக்கைப் பெருக்குவது எல்லாம் அடங்கும். தெள்ளின் முட்டையும் புழுவும் நாய் மேல் இருப்பதைவிடத் தரையில்தான் அதிகம். ஓர் எச்சரிக்கை: நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனையைக் கொன்றுவிடும். மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஆயிலும் தடவும் வழக்கம் இன்னும் ஊர்களில் இருக்கிறது. நாய் அதை நக்கி விழுங்கும், தோலும் வெந்துபோகும். தயவுசெய்து வேண்டாம்.

“இதுவரை தின்றது எல்லாம் எழுதவும்.”

‘எல்லாம்’ என்பதை நாங்கள் முதலில் ‘சோறு, கறி’ என்று புரிந்துகொண்டோம். மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கத்தான் பட்டியல் நீண்டது. கறிக்கடையில் வாங்கும் கோழித்தலையும் காலும். தெரிந்த பண்ணையிலிருந்து வரும் உடைந்த முட்டை. அம்மா ஊற்றும் தயிர். டீக்கடையில் அவனுக்கென்றே போடும் பொறை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிஸ்கட். எப்போதாவது பையில் அடைத்த நாய்த்தீவனம்.

அந்தப் பையைப் பற்றி ஒரு வார்த்தை. முகப்பில் ஆட்டின் படம் இருக்கும். பின்னால் பொடி எழுத்தில் படித்தால் கோழிக் கொழுப்பும் கோழித் தூளும் இருக்கும். அட்டையில் எழுதாத இறைச்சியும் உள்ளே கலந்திருந்ததைச் சோதனைகள் பலமுறை காட்டியிருக்கின்றன. ஆகவே பையை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை என்று சொல்வோர் பலர் உண்மையில் எதையும் மாற்றியிருக்கவே மாட்டார்கள்.

எழுதச் சொன்னது குறை காண்பதற்கு அல்ல. நாய் ஒருபோதும் தின்னாத ஒன்றைக் கண்டுபிடிக்க, தின்றது முழுக்கத் தெரிய வேண்டும். நான்காம் வரிக்கு இந்த வரிதான் அடித்தளம்.

“கோழி, முட்டை, பால், தயிர் நிறுத்தம்.”

நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த வரியை விழுங்குவது எளிதல்ல. நாடு முழுக்க முட்டை அனுப்பும் ஊர் இது. மனிதருக்கும் நாய்க்கும் இங்கே கைக்கு எட்டும் மலிவான புரதம் கோழியும் முட்டையும்தான்.

அம்மா கேட்டது இதுதான்: “அஞ்சு வருசமா தின்ன கறிதானே கண்ணு, இப்ப என்ன புதுசா வந்துரப் போகுது?” நியாயமான கேள்வி. ஆனால் ஒவ்வாமை அப்படித்தான் வரும். பழக்கமில்லாத உணவைவிட, பல காலம் தின்று பழகிய உணவின் புரதத்தைத்தான் உடல் ஒருநாள் பகையாக எண்ணத் தொடங்குகிறது. குட்டியாக இருக்கும்போதே தொடங்கலாம், நடுவயதிலும் தொடங்கலாம்.

2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை உலகெங்கும் உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள் 17, கோழி 15, கோதுமை 13. அரிசி 2 தான். 78 பூனைகளில் மாட்டிறைச்சி 18, மீன் 17, கோழி 5. மாட்டிறைச்சி முதலிடத்தில் இருப்பதால் அது மற்றதைவிடக் கொடியது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு வந்த நாடுகளில் நாய்த்தட்டில் அது அதிகம் விழுந்தது, அவ்வளவே. நம் பக்கத்து நாய்த்தட்டில் அந்த இடத்தில் கோழி இருக்கிறது. மருத்துவர் கோழியை முதலில் எழுதியதற்கு அதுவே காரணம்.

“பிராய்லருக்கு ஊசி போடுறாங்க, அதான். நாட்டுக்கோழி போடுங்க” என்று சொல்லாத ஆளில்லை. ஒவ்வாமை கோழியின் புரதத்துக்கு. வளர்த்த முறைக்கு அல்ல. நாட்டுக்கோழியிலும் அதே புரதம்தான். காடையும் வான்கோழியும் கோழிக்கு நெருங்கிய சொந்தம், அவற்றின் புரதமும் ஒத்திருக்கும். கோழிக்குப் பதில் காடை என்பது மாற்றமே அல்ல.

தயிர்ச்சோறு மட்டுமே தின்று தோல் கெடும் நாய்கள் வேறு வகை. அவற்றுக்கு ஒவ்வாமை இல்லை, சத்துக் குறைவு. தின்னும் புரதத்தில் கால் பங்கு அளவுக்கு நாயின் தோலும் முடியும் எடுத்துக்கொள்கின்றன. புரதம் போதாவிட்டால் முடி மங்கி உதிரும். எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலம் குறைந்தால் தோல் வறண்டு பொடுகு பறக்கும். தானியமே மிகுந்தால் துத்தநாகம் உடலில் சேராமல் மூக்கோரமும் பாதமும் தடித்து வெடிக்கும். சரியாகச் சமன் செய்த உணவு கொடுத்தால் இரண்டு மூன்று மாதத்தில் முடி தேறிவிடும். இதை ஒவ்வாமை என்று எண்ணி இன்னும் உணவைக் குறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அரிப்பா, வெறும் முடி உதிர்வா என்று பாருங்கள்.

முடி மினுங்கப் பச்சை முட்டை உடைத்து ஊற்றும் வழக்கமும் நம் ஊரில் உண்டு. பச்சை வெண்கருவில் உள்ள அவிடின், தோலுக்கு வேண்டிய பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொடர்ந்து கொடுத்தால் எந்த முடிக்காகக் கொடுத்தோமோ அந்த முடியே உதிரும். வேகவைத்தால் அவிடின் அழிந்துவிடும்.

“பன்றிக்கறி, குச்சிக்கிழங்கு மட்டும். 8 வாரம்.”

சீட்டின் உயிர் இந்த வரியில் இருக்கிறது. அதிலும் ‘மட்டும்’ என்ற ஒரு சொல்லில்.

மணி ஒருபோதும் தின்னாத இறைச்சி எது என்று தேடினால் ஆடுகூடத் தேறவில்லை. விருந்து நாள்களில் எலும்பு தின்றிருக்கிறான். மிஞ்சியது வெண்பன்றி. சேலம், ஈரோடு பக்கம் அதற்குக் கடைகள் உண்டு. கொழுப்பை நீக்கிய கறியை நன்றாக வேகவைத்துத்தான் போட வேண்டும். முயல் தின்னாத நாய்க்கு முயல் ஆகும். இறைச்சி வீட்டுக்குள் வரக்கூடாத குடும்பங்களுக்கு, புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவத் தீவனம் இருக்கிறது, விலை அதிகம்.

அரிசிக்குப் பதில் கிழங்கு ஏன்? அரிசி ஒவ்வாமை அரிது. ஆனாலும் அது அவன் தினமும் தின்றது. சோதனைக்குப் புதியதே சிறந்தது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று சேகோ ஆலைகள் நிறைந்த இந்தச் சமவெளியில் குச்சிக்கிழங்கைவிட எளிதில் கிடைப்பது எது? ஒன்று கவனிக்க வேண்டும்: ஆலைக்குப் போகும் கசப்புக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் அதிகம். சமையலுக்கு உரிய கிழங்கை வாங்கி, தோலுரித்து, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் ரத்தச் சிவப்பணுவை உடைப்பவை. சோதனை இல்லாத நாளிலும் குழம்புச் சோறு வேண்டாம்.

இனி ‘மட்டும்’. முதல் முறை மூன்றாம் வாரத்தில் தோற்றோம். அம்மா நான் இல்லாத நேரம் இரண்டு கரண்டி தயிர்ச்சோறு போட்டிருக்கிறார். கோபப்பட முடியவில்லை. நாயின் பசித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்வது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரப்படவே இல்லை. ஆனால் ஒரு கரண்டி போதும். உடல் அளவை எண்ணுவதில்லை, புரதத்தை அடையாளம் காண்கிறது. யார் என்ன கொடுத்தார்கள் என்று தெரியாமல் போனால் எட்டு வாரமும் வீண். இரண்டாம் முறை தொடங்கும்போது அம்மாவின் கையில்தான் சீட்டைக் கொடுத்தேன். “இனி நீங்கதாம்மா மணிக்குப் பொறுப்பு” என்றேன். டீக்கடைக்கும் பக்கத்து வீட்டுக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவன் தெருவுக்குப் போகும்போதெல்லாம் சங்கிலி.

‘8 வாரம்’ என்ற எண் மருத்துவரின் மனக்கணக்கு அல்ல. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்து வாரத்தில் குணம் தெரிகிறது. 90 சதவீதத்தைத் தாண்ட எட்டு வாரம் வேண்டும். பூனைகளில் 80 சதவீதத்துக்கு ஆறு வாரம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ‘சரிவரவில்லை’ என்று விடுபவர்கள் விடை வரும் முன்பே எழுந்து போகிறார்கள்.

எட்டு வாரம் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: அதற்கு மேல் இதையே தொடரக் கூடாது. எலும்பில்லாக் கறியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. வளர்ந்த நாய் இரண்டு மாதம் தாங்கும். குட்டிக்கு எலும்பு வளையும். அதற்கு மருத்துவரைக் கேட்காமல் இந்த வரியைப் பின்பற்றவே வேண்டாம். நீண்ட கால உணவுக்கு எடை பார்த்துக் கணக்குப் போட்டுத் தர, நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் வாசலிலேயே இருக்கிறது.

“சுவை மாத்திரை கூடாது.”

குடற்புழு மாத்திரையும் தெள்ளு மாத்திரையும் நாய் விரும்பித் தின்ன, ஈரல் அல்லது இறைச்சிச் சுவை சேர்த்து வருவதுண்டு. மீன் எண்ணெய்க் குளிகையின் உறை விலங்கின் ஜெலட்டின். மெல்லும் தோல் எலும்பு மாட்டுத்தோல். சோதனைக் காலத்தில் சுவையில்லாத மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

“பூனைக்குத் தனி.”

மணி பூனையின் தட்டை நக்கக்கூடாது என்பது ஒரு பொருள். பூனைக்கு இந்தச் சீட்டு பொருந்தாது என்பது இன்னொன்று, இரண்டாவதே முக்கியம்.

பூனை இறைச்சியால் மட்டுமே வாழ முடிகிற உயிர். டாரின் என்ற சத்தை அது உடலில் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோகிறது என்று 1987இல் கண்டறிந்தார்கள். பால்சோறும் தயிர்ச்சோறும் தின்று வளரும் பூனை எலி பிடித்துத்தான் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. வீட்டுக்குள் அடைத்த பூனைக்கு அந்த வழியும் இல்லை.

பூனைக்கு மீன் எப்போதும் ஒத்துக்கொள்ளும் என்பதும் தவறு. மேலே சொன்ன கணக்கில் மீன் இரண்டாம் இடம். தலையும் கழுத்தும் பிய்த்துக்கொண்டு, வயிற்று முடியை நக்கியே வழித்த பூனைக்குக் கருவாட்டையும் மீனையும் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் ‘பசித்தால் தானாகத் தின்னும்’ என்று விடக்கூடாது. சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும்.

“பழைய சாப்பாடு திரும்ப, ஒவ்வொன்றாக. 14 நாள் பார்க்கவும்.”

ஏழாம் வாரத்தில் மணியின் காது சிவப்பு அடங்கியது. பாதத்தை நக்குவது நின்றது. ராத்திரி வீடு தூங்கியது. அந்த நிலையில் இந்த வரியைச் செய்ய மனம் வரவில்லை. குணமான நாய்க்கு மறுபடி ஏன் நோயைக் கொடுக்க வேண்டும்?

கொடுக்காவிட்டால் எது காரணம் என்று தெரியாது. மழைக்காலம் போனதால் குணமா, தெள்ளு மருந்தாலா, உணவாலா? பழையதைக் கொடுத்து, அரிப்பு திரும்பி, அதை நிறுத்தி, மீண்டும் அடங்கினால்தான் உறுதி. திரும்பும் நாய்களில் பாதிக்கு ஐந்து நாளுக்குள், பத்தில் ஒன்பதுக்குப் பதினான்கு நாளுக்குள் தெரிந்துவிடும். ரத்தத்தையோ முடியையோ எச்சிலையோ அனுப்பிக் கண்டுபிடிக்கலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. உணவு ஒவ்வாமைக்கு அவற்றை நம்ப முடியாது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் பொம்மையின் செயற்கை ரோமத்தை அனுப்பியபோதும் ஒவ்வாமைப் பட்டியல் திரும்பி வந்தது. அந்தப் பணத்துக்கு எட்டு வாரக் கறி வாங்கலாம்.

‘ஒவ்வொன்றாக’ என்றபடி முதலில் வேகவைத்த முட்டை கொடுத்தோம். பதினான்கு நாளும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து தயிர், அதுவும் ஒத்துக்கொண்டது. மூன்றாவதாகக் கோழி. நான்காம் நாள் இரவு காது படபடக்கும் சத்தம் கேட்டு அம்மாதான் முதலில் எழுந்தார்.

மறுநாள் கோழியை நிறுத்தினோம். அரிப்பு அடங்கப் பத்து நாள் ஆயிற்று. முட்டையின் புரதமும் கோழிக்கறியின் புரதமும் வேறு என்பதால் மணிக்கு இன்றும் முட்டை உண்டு, தயிரும் உண்டு. கோழி இல்லை.